வராதவர்களும் திருப்பி அனுப்பப்படுபவர்களும்

கேள்வி: ஸ்கேன் மையம் ஒன்றில் முன்பதிவுப் பிரிவைக் கவனித்து வருகிறேன். குறுஞ்செய்தி அனுப்பியும் பலர் வருவதில்லை. வந்தவர்களிலும் சிலரைப் பரிசோதிக்காமலே திருப்பி அனுப்ப நேர்கிறது. இதை எப்படிக் குறைப்பது?

பதில்: முதலில் இவ்விரு பிரிவினரையும் பதிவேட்டில் தனித்தனியாகக் குறித்து வாருங்கள். இரண்டாம் பிரிவைக் குறைப்பது பெரும்பாலும் உங்கள் கையிலேயே இருக்கிறது. மேல்வயிற்று அல்ட்ராசவுண்டுக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தவர், உள்ளுறுப்புகளைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்க வேண்டிய சி.டி. ஸ்கேனுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தும் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை முடிவு இல்லாமல் வந்தவர், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியிருப்பதை எம்.ஆர்.ஐ. அறை வாசலில்தான் சொல்பவர் ஆகியோரை அலட்சியக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. முன்பதிவு செய்தபோது அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதே பல நேரங்களில் உண்மை. கர்ப்பம், ஒவ்வாமை, உடலில் உள்ள உலோகப் பொருள்கள், அடைபட்ட இடத்தில் ஏற்படும் அச்சம் ஆகியவற்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அச்சம் மிகுந்தவருக்கு மருத்துவர் மயக்க மருந்து பரிந்துரைத்தால், துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

நாளையும் நேரத்தையும் மட்டும் தாங்கிவரும் குறுஞ்செய்தியால் பாதிப் பயன்தான். வெறும் வயிற்றுடன் வர வேண்டும் என்ற செய்தி அன்று காலை உணவுக்குப் பிறகு வந்து சேர்ந்தால் அந்தப் பாதியும் இல்லை. இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பே அனுப்புங்கள். வர இயலாதவர் அதற்கே பதில் அனுப்பி ரத்து செய்யவும் வழி வையுங்கள். யாரும் எடுக்காத தொலைபேசி எண்ணுக்கு அழைத்துச் சலித்தவர், கடைசியில் சொல்லாமலே இருந்துவிடுகிறார்.

கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனுக்கு மட்டும் நேரடியாகப் பேசி உறுதி செய்வதே நல்லது. அந்த மருந்தில் பெரிதும் பயன்படும் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருளின் கதிரியக்கம் சுமார் 110 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடுவதால், ஒருவருக்கென வரவழைத்த மருந்தை மறுநாளுக்கு எடுத்துவைக்க இயலாது.

கேள்வி: வராதவர்களை ஈடுகட்ட ஒரே நேரத்துக்கு இருவரைப் பதிவு செய்யலாமா?

பதில்: பரிந்துரைக்க மாட்டேன். எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும்; இருவருமே வந்துவிட்டால், பசியோடு காத்திருப்பவரின் தாமதம் அன்றைய கடைசி நோயாளி வரை நீளும். அழைத்தவுடன் வரக்கூடியவர்களின் காத்திருப்புப் பட்டியலே மேல். ஆனால், முன்தயாரிப்பு தேவைப்படாத பரிசோதனைகளுக்கு மட்டுமே அது உதவும்.