கணையக் கல்: எண்டோஸ்கோபியா, ஆபரேஷனா? எதில் செலவு அதிகம்?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. நாள்பட்ட கணைய அழற்சி. கணைய நாளத்தில் கல் இருக்கிறது, ஓயாத வயிற்றுவலி. எண்டோஸ்கோபியில் கல்லை எடுத்து ஸ்டென்ட் வைக்க ஒரு தடவைக்கு 90,000 ரூபாய், ஆபரேஷனுக்கு 4 லட்சம் என்கிறார்கள். கம்பெனி குரூப் பாலிசி 5 லட்சம், கையில் சேமிப்பு 2 லட்சம். செலவு குறைவு என்று எண்டோஸ்கோபிக்கே போகலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: செலவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், சகோதரி. செலவையே பார்த்தாலும் எண்டோஸ்கோபி மலிவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை (நாளம் அடைபடாமல் வைக்கும் சிறு குழாய்) சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். கல் பெரிதென்றால் முதலில் அதிர்வலை கொடுத்து உடைப்பார்கள், அதற்கு வேறு பில் வரலாம்.

நெதர்லாந்தில் 88 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. சீக்கிரமே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு 18 மாதங்களில் வலி குறைவாக இருந்தது. பெரும்பாலும் ஒரே சிகிச்சையோடு முடிந்தது. மருந்து, அப்புறம் எண்டோஸ்கோபி என்று படிப்படியாகப் போனவர்களில் குறைந்தது பாதிப் பேருக்கு மூன்றோ அதற்கு மேலோ தேவைப்பட்டது. உங்கள் கணக்கில் மூன்று தடவை என்றால் 2.7 லட்சம். அதன் பிறகும் ஆபரேஷன் என்றால் 6.7 லட்சம்.

ஆனால் கல் சிறிதாக, ஒன்றிரண்டாக இருந்தால் எண்டோஸ்கோபியே போதுமானதாக இருக்கலாம். ஸ்கேனை எண்டோஸ்கோபி டாக்டர், கணைய சர்ஜன் இருவரிடமும் காட்டி, "மொத்தம் எத்தனை தடவை வர வேண்டியிருக்கும்?" என்று கேளுங்கள்.

எனக்குப் பெரிய கவலை பாலிசிதான். எண்டோஸ்கோபி ஒரு வருடம் இழுத்தால், அதுவரை அவர் இதே வேலையில் இருந்தாக வேண்டும். வேலை போனால் குரூப் பாலிசியும் போய்விடும். புதிதாகத் தனி பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். வேலை மாறும் எண்ணம் இருந்தால், அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று ராஜினாமாவுக்கு முன்பே எச்.ஆரிடம் விசாரியுங்கள்.

இன்னொன்று, கேஸ் ஷீட்டில் நோய்க்கான காரணம் சரியாகப் பதிவாக வேண்டும். கணையப் பிரச்சினை என்றாலே குடிதான் காரணம் என்று நினைப்பவர்கள் உண்டு. தென்னிந்தியாவில் குடிப்பழக்கமே இல்லாத பலருக்கும் இது வருகிறது. மதுவைக் காரணம் காட்டி க்ளெய்ம் மறுக்கப்படுவதுண்டு. அவர் குடிக்காதவர் என்றால் அது எழுத்தில் இருக்கட்டும். குடிப்பவர் என்றால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம், பாலிசியின் விலக்குப் பட்டியலை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

2 லட்சத்தை ஆஸ்பத்திரி பில்லுக்கு முழுதாகக் கரைக்காதீர்கள். எந்த சிகிச்சை செய்தாலும் செரிமான என்சைம் மாத்திரையும், சர்க்கரை வந்தால் இன்சுலினும் மாதாமாதம் வாங்க வேண்டியிருக்கலாம். அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போகும்.