சிவப்புக் கறை

அன்புள்ள ஐயா,

பங்காளிகள் கூடி முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காகச் சென்ற மாதம் செட்டிநாட்டுக் கண்டனூருக்கு, எங்கள் பூர்வீக வீட்டுக்கு வந்திருந்தேன். இரண்டாம் கட்டு அறையில் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள், அப்பத்தா ஆனந்த விகடனிலிருந்து கிழித்து ஊசி நூலால் தைத்து வைத்த கோயில் படங்கள் அறுபது எழுபது இருந்தன. எல்லாவற்றிலும் 'சில்பி' என்ற கையெழுத்து. சில படங்களில் மட்டும் சிவப்புக் கறை. பழம்பொருள் வாங்கும் ஒருவர் பெட்டியோடு சேர்த்து நல்ல விலை கேட்கிறார். ஸ்கேன் செய்துகொண்டு கொடுத்துவிடலாமா? சில்பி இத்தனை ஊர்களுக்கும் உண்மையிலேயே போனாரா, புகைப்படங்களைப் பார்த்து வரைந்தாரா? என் மகள் ஓவியம் படிக்க ஆசைப்படுகிறாள். அதற்கு எதிர்காலம் உண்டா?

க., சிங்கப்பூர்

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை வைரவன்பட்டிக் கோயிலில் இருந்தேன். ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். மண்டபத்தைச் சுற்றிக் கைபேசியை ஓட்டினார்கள், கால் மணி நேரத்தில் ஏறிப் போய்விட்டார்கள். ஒரு தூணின் முன்னால்கூட யாரும் நிற்கவில்லை. சில்பி இந்த இடத்தில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன். வந்தால் உங்கள் கடிதம்.

போனாரா என்று கேட்கிறீர்கள். போனார். 1919இல் நாமக்கல்லில் பிறந்த பி.எம். சீனிவாசன் அவர். பையனின் கையைப் பார்த்து, சென்னை ஓவியப் பள்ளிக்குப் போகச் சொன்னவர் நாமக்கல் கவிஞர். அவரும் ஓவியர் என்பதால் கண்டுகொண்டார். பள்ளியில் தேவி பிரசாத் ராய் சவுத்ரி முதல்வர். விகடனில் சேர்ந்த பிறகு 'சில்பி' என்று பெயர் வைத்தவர் அங்கே ஓவியராக இருந்த மாலி. பிறகு கோயில்களைப் பற்றி விகடனில் வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காக ஊர் ஊராகப் புறப்பட்டார். எழுத்தாளர் தேவன் எழுத, இவர் வரைந்தார். கோபுரத்தையும் தூணையும் மட்டுமா வரைந்தார்? அனுமதி பெற்று, விளக்கு வெளிச்சத்தில் மூலவரையே பார்த்து வரைந்தார். 1983இல் மறைந்தார். அந்தத் தலைமுறைக்கே கால் ஓயவில்லை. பொன்னியின் செல்வனுக்குப் படம் வரைய ஓவியர் மணியம் கல்கியோடு இலங்கைக்குப் போய்வந்தவர்.

புகைப்படம் இருக்கக் கோட்டுச் சித்திரம் எதற்கு என்று உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. கருவறைக்குள் கேமராவுக்கு இன்றைக்கும் அனுமதி இல்லை. அந்தக் காலத்துப் பத்திரிகைத் தாளில் புகைப்படம் புள்ளி புள்ளியாக மங்கும், கோட்டுப் படமோ பளிச்சென்று விழும். இந்தக் காரணங்களெல்லாம் சரிதான். ஆனால் எனக்கு இவை போதாது.

எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், ஓய்வுபெற்ற ஒரு டிராயிங் மாஸ்டரிடம் என்னை அனுப்பினார்கள். அவர் வீட்டுச் சுவரில் சில்பியின் படங்களை வரிசையாக ஒட்டியிருந்தார். நான்கு நாள் அவற்றைப் பார்க்கவைத்துவிட்டு, ஐந்தாம் நாள் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்து முகப்பில் உட்காரவைத்தார். "உன் வீட்டு வாசல் நிலையை வரை" என்றார். பர்மாத் தேக்கு நிலை. மேலே கஜலட்சுமி, இரு பக்கமும் குடம் தூக்கிய யானைகள். தினம் பத்துத் தடவை அதைக் கடந்து போகிறவன் நான். ஒரு மணி நேரத்தில் வரைந்து நீட்டினேன். "தாமரைக்கு எத்தனை இதழ்?" என்று கேட்டார். தெரியவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆறு நாள் அங்கேயே உட்கார்ந்தேன். ஆறாம் நாள்தான் கண்ணில் பட்டது. வலப்பக்க யானையின் துதிக்கை இடப்பக்கத்து யானையின் துதிக்கையைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. பிழை என்று நினைத்தேன். முக்காலி போட்டு ஏறித் தடவிப் பார்த்தால், துதிக்கைக்கு மேலே மரத்தில் ஒரு கணு. உளி வைத்தால் பிளந்துவிடும். செதுக்கிய ஆசாரி அந்தக் கணுவைத் தொடாமல் துதிக்கையை இறக்கி வளைத்து, அதற்கு ஈடாக அந்த யானையின் தலையையும் லேசாகக் குனிய வைத்திருந்தார். பார்ப்பவனுக்கு அது லட்சுமியை வணங்குவது போலத் தெரியும். முக்காலியில் நின்றபடியே நான் அழுதேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, பென்சிலைச் சீவிக் கொடுத்தார்.

அந்த வீடு இன்று இல்லை. பதினொரு பங்கு. பேசி முடிக்க முடியாமல் பிரித்து விற்றார்கள். நிலை, பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய், அங்கிருந்து எங்கேயோ போய்விட்டது. எங்கள் குடும்பத்துக் கல்யாணப் படங்கள் எல்லாமே அந்த நிலைக்கு முன்னால்தான் எடுக்கப்பட்டன. எந்தப் படத்திலும் யானை தெரியாது. மாப்பிள்ளையின் தலைப்பாகை மறைக்கும், அல்லது தோரணம் மறைக்கும். அந்தத் துதிக்கை தாழ்ந்திருந்தது என்பதற்கு இன்று என் நோட்டுத் தாள் ஒன்றுதான் சாட்சி.

இப்போது புரிகிறதா, ஏன் கோபத்தோடு எழுதுகிறேன் என்று? 'நல்ல விலை கேட்கிறார்' என்கிறீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். படைப்புக்கு வந்து, முன்னோர் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு, அப்பத்தா கையால் தைத்ததற்கு விலை விசாரித்திருக்கிறீர்கள். ஆத்தங்குடிக் கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் போனது போதாதா? ஸ்கேன் செய்துகொள்கிறேன் என்று சமாதானம் சொல்லாதீர்கள். சில்பியின் படங்களை விகடனே பின்னாளில் நூலாக வெளியிட்டுவிட்டது. படங்கள் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பெட்டியில் இருப்பது அப்பத்தா தேர்ந்தெடுத்த வரிசை, அவருடைய தையல், அவர் தாளை மடித்த மடிப்பு. அதற்கு இரண்டாவது பிரதி உலகத்தில் கிடையாது. விற்காதீர்கள். லாமினேஷன் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஒரு துண்டு வசம்பு போட்டு, ஈரம் ஏறாத அலமாரியில் வையுங்கள்.

மகளின் எதிர்காலம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அவளுக்கு விருப்பம் இருக்கிறது, படிக்க வையுங்கள். அடுத்த முறை வரும்போது அவளைக் கூட்டிவாருங்கள். வைரவன்பட்டியில் ஒரு தூணின் முன்னால் உட்கார வைப்போம், ஆறு நாள். நீங்களும் கூட உட்காருங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தச் சிவப்புக் கறை. இரவு முழுக்க அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அச்சு மை கசிந்தால் எல்லாப் படத்திலும் கசிந்திருக்கும். சில படங்களில் மட்டும் என்கிறீர்கள். மூலவரின் நெற்றியிலோ பாதத்திலோ வட்டமாக இருந்தால் அது குங்குமம். கண்டனூர் வீட்டு உள்முற்றமான வளவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், நினைத்த மாத்திரத்தில் திருவரங்கத்துக்கும் சிதம்பரத்துக்கும் போய்விட முடிந்த காலமா அது? சில்பி போய்வந்தார், வாராவாரம் அந்தக் கோயில்களை அப்பத்தாவின் மடிக்குக் கொண்டுவந்தார். அப்பத்தா அவற்றைப் பத்திரிகைத் தாளாகப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஏன் சில படங்களுக்கு மட்டும்? பின்னால் ஒருநாள் நேரில் போய்த் தரிசித்த கோயில்களா? வேண்டுதல் வைத்த தெய்வங்களா? உங்கள் ஆத்தாவோ அத்தைமாரோ இருந்தால் இன்றைக்கே தொலைபேசியில் கேளுங்கள். எந்தெந்தக் கோயில்களின் படங்களில் பொட்டு இருக்கிறது என்று பட்டியல் எடுத்து எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.