பட்ஜெட்டில் துண்டு விழுந்ததும் சட்டமன்றங்கள் ஏன் எரிபொருள் வரியை உயர்த்தப் பேசுகின்றன?

எரிபொருள் வரி என்பது பெட்ரோல், டீசல் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும் வரி. பல நாடுகளில் அது லிட்டருக்கோ காலனுக்கோ இவ்வளவு என்று நிலையான தொகையாக இருக்கிறது. வரவை மீறிச் செலவு போகும்போது உறுப்பினர்கள் இதை நாடுவதற்குக் காரணம் உண்டு. விலை சற்று ஏறியதற்காக யாரும் வேலைக்குப் போவதை நிறுத்திவிட முடியாது. வசூலும் எளிது: கோடிக்கணக்கான ஓட்டுநர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை, பெரும்பாலும் மொத்த விநியோகஸ்தர்களிடமே வாங்கிவிடலாம்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 30 வருடங்களுக்கு முன் பேசிய லிஃப்ட் பராமரிப்புத் தொகையையே இன்றும் வசூலிப்பதாக நினைத்துப் பாருங்கள். கம்பிவடம் தேய்ந்திருக்கும், மெக்கானிக் கூலி பல மடங்காகியிருக்கும், கையிருப்பு மட்டும் அப்படியே இருக்கும். அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரியும் இப்படித்தான். 1993-இல் காலனுக்கு 18.4 சென்ட் ஆக உயர்ந்தது, அதற்குமேல் ஏறவில்லை. இதற்கிடையே சாலை போடும் செலவு கூடியது. வண்டிகளோ குறைந்த எரிபொருளில் அதிக தூரம் ஓடுகின்றன.

எதிர்ப்பவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. பஸ் வசதியில்லாத ஊரிலிருந்து தினமும் வண்டியில் வேலைக்குப் போகும் குறைந்த சம்பளக்காரருக்குத்தான் அடி பலமாக விழும். உயர்வோடு அவருக்கான நிவாரணத்தையும் சேர்த்தே விவாதிப்பதுதான் நியாயம் என்பேன்.

பெட்ரோல் விலை ஏறினாலே அரசின் வரி வருவாயும் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். லிட்டர் கணக்கில் விதிக்கும் வரியில் அப்படி நடக்காது, விலையைப் பார்த்து மக்கள் குறைவாக வாங்கினால் வருவாய் குறையவே செய்யும்.