வாடகை கூட்டித் தருகிறேன் என்கிற புது புரோக்கர்: லோடு ஏற்றும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: சொந்தமாக ஒரே ஒரு 12 சக்கர லாரி வைத்திருக்கிறேன். ராசிபுரத்திலிருந்து மகாராஷ்டிரா லைன். போகும்போது லோடு கிடைத்துவிடும். திரும்பும்போதுதான் நவி மும்பை கலம்போலியில் இரண்டு நாள், மூன்று நாள் வண்டி நின்றுவிடுகிறது. இப்போது அங்குள்ள புரோக்கர் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்து, கோவைக்கு மாதம் மூன்று ரிட்டர்ன் லோடு தருகிறேன், மார்க்கெட் வாடகையைவிடக் கூடுதலாகவே தருகிறேன் என்கிறார். அட்வான்ஸ் 40 சதவீதம். பாக்கி, இறக்கிய ரசீது போய்ச் சேர்ந்து 30 நாள் கழித்து. விசிட்டிங் கார்டும் ஜிஎஸ்டி சர்டிபிகேட்டும் அனுப்பியிருக்கிறார். என்னிடம் ஆர்சி, பான், டிரைவர் லைசென்ஸ் காப்பி கேட்கிறார். நம்பி ஏற்றலாமா?

பதில்: இந்தப் பேச்சில் ஏற்ற வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் சொல்லும் பணக்கணக்கு நல்லதல்ல. ஏற்றும்போதே 80, 90 சதவீதம் கைக்கு வந்துவிடுவதுதான் லாரி லைனில் வழக்கம். டீசல், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் வழியிலேயே தீர்ந்துபோகிற செலவு. 40 சதவீதம் வாங்கிக்கொண்டு ஓடினால் மீதி ஓட்டத்துக்கு முதல் போடுவது நீங்கள்தான். கூடுதல் வாடகை என்ற பேச்சில் மயங்காதீர்கள். கொடுக்கப் போவதில்லை என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிச் சொல்லலாமே.

சரி, ஆளை எப்படிச் சோதிப்பது? ஜிஎஸ்டி சர்டிபிகேட் பிடிஎஃப் என்பது எந்த ஜெராக்ஸ் கடையிலும் பெயர் மாற்றித் தரக்கூடிய காகிதம். அதிலுள்ள 15 எழுத்து எண்ணை மட்டும் எடுத்து, ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பக்கத்தில் போடுங்கள். லாகின் எதுவும் வேண்டாம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: மகாராஷ்டிராவுக்கு 27, நமக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான். எண்ணின் ஆறாவது எழுத்தைப் பாருங்கள். ‘பி’ என்றால் தனி ஆள், ‘எஃப்’ என்றால் பார்ட்னர்ஷிப், ‘சி’ என்றால் கம்பெனி. கார்டில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று தங்க எழுத்தில் அச்சடித்துவிட்டு ஆறாவது எழுத்து ‘பி’ என்று இருந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அதே பக்கத்தில் பதிவு தேதி, முகவரி, பதிவு உயிரோடு இருக்கிறதா, நிறுத்தி வைக்கப்பட்டதா, ரத்தானதா எல்லாம் வரும். கீழே ஜிஎஸ்டி ரிட்டர்ன், அதாவது வரிக் கணக்கு, தாக்கல் செய்த விவரத்தையும் திறந்து பாருங்கள். பலர் இதைத் தொடுவதே இல்லை. நான்கைந்து மாதமாக ரிட்டர்ன் போடாமல் இருக்கிறவர் அரசுக்கே பாக்கி வைத்திருக்கக்கூடும். உங்களுக்கு மட்டும் 30ஆம் நாள் காலையில் அனுப்பிவிடுவாரா?

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஜிஎஸ்டி இல்லை என்றாலே மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். கமிஷன் புரோக்கருக்கு வரவு என்பது அவருடைய கமிஷன்தான், லாரி வாடகை அல்ல. வண்டிக்கு 1,500 ரூபாய் என்று வையுங்கள். நாளைக்கு மூன்று வண்டி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 13 லட்சத்து 50 ஆயிரம்தான் வருகிறது. அவர் பதிய வேண்டியதில்லை, பதியாதது குற்றமும் இல்லை. லாரி செட் வாசலில் ஒரு மேஜையும் டைரியும் வைத்துக்கொண்டு முப்பது வருஷமாக நாணயமாகத் தொழில் செய்கிறவர்கள் இப்படி நிறைய. ஆனால் அப்படிப்பட்டவர் செய்யும் வேலை வண்டியைக் கொண்டுபோய் டிரான்ஸ்போர்ட்டில் சேர்ப்பது மட்டும். லோடுக்கான சலான் டிரான்ஸ்போர்ட் பெயரில் வரும், அட்வான்ஸ் டிரான்ஸ்போர்ட் கணக்கிலிருந்து வரும், கமிஷனை நீங்கள் தனியாகக் கொடுப்பீர்கள். ‘எனக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் முழு வாடகையும் என் கைக்கு வரும், நான் பிரித்துத் தருகிறேன்’ என்றால் அவர் இந்த விதிவிலக்கில் சேரமாட்டார். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல புரோக்கரைத் தள்ளிவிட்டு, சர்டிபிகேட் வைத்திருக்கிற பொல்லாதவரைப் பிடித்துக்கொண்ட உரிமையாளர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் ‘இவர் அசல் புரோக்கரா’ என்று கேட்கிறீர்கள். ‘இந்த லோடு எத்தனை கை மாறி வந்தது’ என்று கேளுங்கள். நான் பார்க்கும் வாடகைப் பாக்கித் தகராறுகளில் பெரும்பாலும் புரோக்கர் போலி ஆள் இல்லை. பெயர், ஆபீஸ், ஜிஎஸ்டி எல்லாம் உண்டு. கம்பெனியிடம் லோடு வாங்கியது ஒரு டிரான்ஸ்போர்ட். அவர்கள் ஒரு புரோக்கரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, மூன்றாவது ஆள் உங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார். டிரான்ஸ்போர்ட் 90 சதவீதம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டது. உங்களுக்கு வந்தது 40. நடுவில் நின்ற 50 சதவீதத்தை வைத்து அவர் நேற்றைய லாரிக்காரரின் பாக்கியை அடைக்கிறார். உங்கள் பாக்கியை அடைக்க நாளைக்கு இன்னொரு லாரி வர வேண்டும். ஒரு வாரம் லோடு குறைந்தால் போன் சுவிட்ச் ஆஃப். டிரான்ஸ்போர்ட்டிடம் போய் நின்றால், ‘நாங்கள் பணம் கொடுத்துவிட்டோம், நீங்கள் யார்?’ என்பார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும், அதுதான் வயிற்றெரிச்சல்.

இதைக் கண்டுபிடிக்க வழி உங்கள் டிரைவர் கையிலேயே இருக்கிறது. இ-வே பில், அதாவது சரக்கோடு போகிற ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு. சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டி மாநிலம் விட்டு மாநிலம் போனால் பொதுவாக அது இல்லாமல் வண்டி கிளம்ப முடியாது. டிரைவர் அதை வாங்கியதும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். அனுப்புகிற கம்பெனி பெயர், பெறுகிறவர் பெயர், உங்கள் வண்டி நம்பர், அப்புறம் டிரான்ஸ்போர்ட்டர் என்ற இடத்தில் ஒரு பெயரும் எண்ணும் இருக்கும். அந்தப் பெயர் உங்கள் புரோக்கருடையதா? வேறு பெயர் என்றால் அவர் இடைக்கை. அந்த டிரான்ஸ்போர்ட்டின் போன் நம்பரை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள். புரோக்கர் தருகிற நம்பரில் அவருடைய மச்சான்கூட எடுக்கலாம். ‘என் வண்டி நம்பர் இது, உங்கள் லோடு ஏறியிருக்கிறது, அட்வான்ஸ் யார் கணக்குக்குப் போட்டீர்கள்?’ என்று கேட்டால் போதும். வாடகை எவ்வளவு என்று சொல்லமாட்டார்கள். அட்வான்ஸ் போய்விட்டதா என்பதைச் சொல்வார்கள். லோடு ஏறி, தார்பாய் கட்டி, எடைமேடை தாண்டுவதற்குள் இந்த போன் முடிந்திருக்க வேண்டும்.

கூடவே, அட்வான்ஸ் வந்த பேங்க் மெசேஜில் யார் பெயர் என்று பாருங்கள். ஜிஎஸ்டியில் ஒரு பெயர், பணம் வந்தது ஒரு பெண்மணியின் சேமிப்புக் கணக்கிலிருந்து என்றால், நாளை வழக்கு என்று வரும்போது இவர் ‘எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை’ என்பார்.

புரோக்கருக்கு லைசென்ஸ் கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. சரக்கு வண்டியில் சரக்கு சேகரித்து அனுப்பும் ஏஜென்ட் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 93ஆம் பிரிவு சொல்கிறது. ஜி.சி. (சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான ரசீது) போடுகிற டிரான்ஸ்போர்ட்டுகள் பதிவு பெற வேண்டும் என்று 2007இல் சாலைவழிச் சரக்குச் சட்டம் போட்டு, 2011இல்தான் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எத்தனை புக்கிங் ஆபீஸ் சுவரில் அந்த லைசென்ஸை மாட்டியிருக்கிறார்கள்? ஒரு டன் கூடினால் எடைமேடையில் நிற்க வைத்து 20,000 ரூபாயும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் லாரிக்காரனிடம் கறக்கத் தெரிந்த இலாகாவுக்கு, புரோக்கர் லைசென்ஸைக் கேட்க மட்டும் நேரமில்லை. இருந்தாலும் நீங்கள் கேளுங்கள். காட்டுகிறவர் குறைவு. ஆனால் கேட்டதும் குரலை உயர்த்துகிறவரைத் தெரிந்துகொள்ளலாம்.

காகிதம் கொடுப்பது பற்றி. ஆர்சி, லைசென்ஸ் காப்பியை லோடு உறுதியான பிறகு கொடுங்கள். அதன் மேல் பேனாவால் தேதியும் ‘இந்த லோடுக்கு மட்டும்’ என்று புரோக்கர் பெயரும் எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்கள். உங்கள் வண்டி நம்பரைக் காட்டி வேறெங்கோ அட்வான்ஸ் வாங்கிவிட்டால் போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான். ‘கேட் பாஸுக்கு 2,000 முன்னாலே போடுங்கள்’, ‘அட்வான்ஸ் வர இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்கள்’ என்றால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க யாரும் யுபிஐ பின் நம்பர் போட வேண்டியதில்லை. போட்டு ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள். தாமதித்தால் பணத்தைப் பிடிப்பது கஷ்டம். டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்தேன் என்று கழிப்பவரிடம், பத்து லாரிக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியும் பான் காப்பியும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள், பிடிக்க வேண்டியதே இல்லை.

ஏற்கெனவே பாக்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: கோபத்தில் லோடை இறக்காமல் வண்டியை ஊருக்கு ஓட்டிப் போகாதீர்கள். சரக்கு கம்பெனியுடையது. ஏற்றிச் செல்லும் பொறுப்பில் இருப்பவர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த சட்டம்) 316ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. உங்கள் பாக்கிக்குப் புகார் கொடுத்தால் ‘சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்புகிற அதே ஸ்டேஷன், இந்தப் புகாரை உடனே எடுத்துக்கொள்ளும்.

உங்கள் பெயரில் உத்யம் என்கிற சிறு தொழில் பதிவு இல்லையென்றால் இந்த வாரமே ஆதாரும் பானும் வைத்து எடுத்துவிடுங்கள், கட்டணம் இல்லை. சிறு தொழிலுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தால் வட்டியோடு கேட்டு அரசின் சிறு தொழில் துறைத் தளத்தில் புகார் செய்யலாம். ஆனால் லோடு ஏற்றும் முன்பே பதிவு இருந்தால்தான் வாதம் நிற்கும்.

இப்போது அந்தக் கலம்போலிக்காரருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்: 80 சதவீத அட்வான்ஸ் வண்டி கேட்டைத் தாண்டும் முன், டிரான்ஸ்போர்ட் கணக்கிலிருந்து நேராக என் கணக்குக்கு. மீதி, ரசீது போட்டோ அனுப்பிய ஏழு நாளில். ஒத்துக்கொண்டால் முதலில் ஒரு லோடு மட்டும் ஏற்றிப் பாருங்கள், அந்தப் பாக்கி வந்து சேரும் வரை இரண்டாவது லோடு பேச வேண்டாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் வண்டி இன்னும் ஒரு நாள் கலம்போலியில் நிற்கட்டும்.