தனியாகப் போகிற ஆம்பிளையைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மறிப்பார்களா?

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 33, கல்யாணம் ஆகவில்லை. சொந்தமாக மோட்டார் கொயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். இதுவரை நாட்டை விட்டு வெளியே போனதில்லை. ஒன்பது நாள் தாய்லாந்து பார்த்துவிட்டு வரவேணும் என்று ஆசை. சேர்ந்து வருவதாக இருந்த கூட்டாளிமார் இரண்டு பேரும் கடைசியில் நழுவிவிட்டார்கள். அவருடைய வார்த்தையிலேயே தருகிறேன்:

"தனியப் போற பெடியளைக் கட்டுநாயக்காவில மறிச்சுத் திருப்பி அனுப்புறாங்கள் எண்டு எல்லாரும் சொல்லினம். ரவுணில ஒரு அண்ணை ஒன்றரை இலட்சம் தந்தால் எயார்போட் செற்றிங் செய்து தாறன் எண்டவர். இருபத்தையாயிரம் அட்வான்ஸ் குடுத்திட்டன். மிச்சத்தைக் குடுக்கிறதோ? அல்லாட்டி ஏதாவது குரூப்போட சேர்ந்து போறதோ? அண்ணா பிரான்சில இருக்கிறார், அதைக் கேட்டால் சொல்லலாமோ?"

மிச்சத்தைக் கொடுக்க வேண்டாம் தம்பி. ஒரு சதமும் வேண்டாம். நானும் இருபத்தெட்டு வருடமாக ரிக்கெற் போட்டுக் கொடுத்துச் சீவிக்கிறவன்தான். என் தொழில்காரரைப் பற்றி நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

உள்ளே இருக்கிற அதிகாரியைக் காசால் சரிக்கட்டி விடுகிறேன் என்கிற இந்தச் செற்றிங் வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். அந்த அண்ணை பத்துப் பேரிடம் ஆளுக்கு ஒன்றரை இலட்சம் வாங்குகிறார் என்று வையுங்கள். பதினைந்து இலட்சம். அவர் விமான நிலையத்தில் யாருக்கும் ஒரு கோல் கூட எடுக்கத் தேவையில்லை. ஒழுங்கான ரிக்கெற்றோடு போகிற பெரும்பாலான ஆட்கள் தாங்களாகவே கவுண்டரைக் கடந்து போய்விடுவார்கள். போனவர்கள் எல்லாம் "அண்ணைதான் விட்டவர்" என்று நம்பி, இன்னும் நாலு பேரை அவரிடம் அனுப்புவார்கள். இரண்டு பேரை மறித்துவிட்டால்? "அண்டைக்கு டியூட்டி மாறிப்போச்சு தம்பி, அடுத்த மாதம் பாப்பம்." அவ்வளவுதான். ரசீதும் இல்லை, காகிதமும் இல்லை. பொலிசுக்குப் போய் என்னவென்று முறையிடுவீர்கள்? லஞ்சம் கொடுக்கக் காசு தந்தேன், அவர் கொடுக்கவில்லை என்றா? ஒருவேளை அவருக்கு உண்மையிலேயே உள்ளே ஆள் இருந்தால் அது இன்னும் மோசம். லஞ்சம் வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் குற்றவாளி.

சரி, தனியாகப் போகிறவர்களை மறிக்கிறார்களா? சிலரை மறிக்கிறார்கள். தனியாகப் போவது குற்றம் என்பதற்காக இல்லை. அந்தக் கதிரையில் இருக்கிற குடிவரவு அதிகாரி இரண்டு விதமான ஆட்களைத் தேடுகிறார். ஒருவர், பாங்கொக்கில் வேறு பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு ஐரோப்பா ஏறப் பார்க்கிறவர். மற்றவர், சுற்றுலா என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறவர். இந்த இரண்டாவது வகையில் எத்தனை பிள்ளைகள் அழிந்திருக்கிறார்கள்! "கொம்பியூட்டர் வேலை, டொலரில் சம்பளம்" என்று பாங்கொக்குக்குக் கூப்பிட்டு, அங்கிருந்து வாகனத்தில் மே சொட் என்கிற எல்லைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய், மோய் ஆற்றைக் கடத்தி மியன்மாரின் மியாவாடிப் பக்கம் விடுகிறார்கள். அங்கே இணைய மோசடி முகாம்களில் அடைபட்ட இலங்கையரை மீட்கத் தூதரகங்கள் பட்ட பாடு 2024-ல் பத்திரிகை முழுக்க வந்தது. அப்படிப் போனவர்களில் பலர் உங்களைப் போலத்தான் வரிசையில் நின்றிருப்பார்கள். இளம் ஆண், தனி ஆள், புதுப் பாஸ்போர்ட், முதல் பயணம். நீங்கள் அந்த ஆள் இல்லை என்பதைக் காட்டுவது உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஊருக்குள் பிளெக்ஸ் போர்ட் அடித்துத் தொழில் செய்வான். அவனைப் பிடிக்க ஆள் இல்லை, வரிசையில் நிற்கிற பெடியனைப் பிடிக்க மூன்று பேர் நிற்பார்கள்.

நம்முடைய ஆட்கள் கவிழ்கிற இடம் ஒரே ஒரு சொல். "ஏன் தாய்லாந்து போறீர்?" என்று கேட்டால், "சும்மா." நமக்கு அது நல்ல சொல். சும்மா கோயிலுக்குப் போவோம், சும்மா கொழும்புக்கும் போவோம். அந்தக் கவுண்டரில் சும்மா என்றால் ஏதோ மறைக்கிறீர் என்று அர்த்தம். ஒன்பது நாளில் எங்கே எத்தனை நாள், எந்த ஹோட்டல், எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று மூன்று வசனம் மனதில் இருக்க வேண்டும். "பாங்கொக்கில் நாலு நாள், சியாங் மாயில் மூன்று நாள், திரும்பப் பாங்கொக்கில் இரண்டு நாள். அதுக்குப் பிறகு கடை திறக்கவேணும்." போதும். பாடமாக்கிக்கொண்டு போகாதீர்கள், நீங்களே திட்டம் போட்டால் தானாக வாயில் வரும். அதிகாரி சிங்களத்தில் கேட்டு விளங்காவிட்டால், தமிழில் அல்லது ஆங்கிலத்தில் கேட்கும்படி மரியாதையாகச் சொல்லுங்கள். விளங்காத கேள்விக்கு "ஓம் சேர்" என்று தலையாட்டித் திரும்பி வந்த ஆட்களை எனக்குத் தெரியும். தமிழும் அரச கரும மொழி என்று 1987-ல் 13-ஆம் திருத்தம் வந்தது. கவுண்டர்வரை வந்து சேர அதற்கு இன்னும் நேரம் எடுக்கிறது.

அண்ணா பிரான்சில் இருப்பதைக் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களாக இழுக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு எது? இல்லை என்று சொல்லி, பிறகு போனில் பிரான்ஸ் நம்பரில் இருந்து ஐம்பது கோல் இருப்பதைப் பார்த்தால்தான் வில்லங்கம். போனில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகும்படி யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். வெறும் போன் அதைவிடச் சந்தேகம்.

ஒரு சம்பவம். ஒரு பெடியன் விடியற்காலை கட்டுநாயக்காவில் இருந்து திருப்பி அனுப்பப்பட்டு, பின்னேரம் சூட்கேஸோடு நேரே என் கடைக்கு வந்தான். கைபிடியில் விமானக் கம்பனியின் ரக் இன்னும் ஒட்டியபடி இருந்தது. "எல்லாப் பேப்பரும் சரியாத்தானே இருந்தது" என்று அழுதான். பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஹோட்டல் புக்கிங் அழகாகக் கலர் பிரின்ற். அதில் இருந்த இலக்கத்தை நான் இணையத்தில் போட்டுப் பார்த்தேன். அந்தப் புக்கிங் போட்ட அன்றைக்கே இரத்துச் செய்யப்பட்டிருந்தது. ஏஜென்ற் தன் கார்ட்டில் போட்டு, பிரின்ற் எடுத்து, காசு வெட்டுப்பட முன்னம் கான்சல் பண்ணிவிட்டான். அதற்குப் பெடியனிடம் தனியாகக் காசும் வாங்கியிருந்தான். அதிகாரியும் நான் செய்த அதே வேலையைத்தான் செய்திருப்பார், ஒரு நிமிட வேலை.

ஆகையால் ரிக்கெற்றும் ஹோட்டலும் உங்கள் பெயரில், உங்கள் காசில், உங்கள் மின்னஞ்சலுக்கு வரவேண்டும். புறப்பட முதல்நாள் விமானக் கம்பனியின் தளத்தில் புக்கிங் இலக்கத்தைப் போட்டுப் போகிற பயணமும் வருகிற பயணமும் நிற்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். காட்டுவதற்கு மட்டும், பறக்க உதவாத 'டம்மி ரிக்கெற்' என்று ஒன்று விற்கிறார்கள். அதைத் தொடாதீர்கள். பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும். நமக்கு அப்பாவின் பெயர் முன்னுக்கு வரும். எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்று கண்டபடி மாற்றிப் போட்டுவிடுவார்கள். ரிக்கெற்றில் பெயரோடு 'எம்ஆர்' ஒட்டி வந்திருந்தால் பயப்படாதீர்கள், அது திரு. என்பதுதான்.

அடுத்தது வங்கி. போன கிழமை வரைக்கும் கணக்கில் நாலாயிரம் ரூபாய், திங்கட்கிழமை திடீரென்று பத்து இலட்சம். இதை 'காசு காட்டுறது' என்கிறார்கள். வட்டிக்குக் காசு வாங்கிப் போட்டு, வங்கிக் கணக்குக் கூற்று எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது. கூற்றில் திகதி இருக்கும் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உங்களுக்குக் கடை இருக்கிறது, நாளுக்கு நாள் சிறு சிறு தொகையாக வந்துபோன ஆறு மாதக் கூற்று அந்தப் பத்து இலட்சத்தைவிடப் பெறுமதியானது. கூடவே பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பதிவுச் சான்றிதழ், கடை வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதன் பிரதி. கடையில் நீங்கள் கொயில் சுற்றுகிற ஒரு படமும் போனில் இருக்கட்டும். சிரிக்காதீர்கள், திரும்பி வர ஒரு காரணம் இருக்கிறது என்பதைத்தான் அவர் பார்க்கிறார். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும். அரச உத்தியோகத்தர் என்றால் விடுமுறை அனுமதி என்று வேறு கதை, உங்களுக்கு அது இல்லை.

இப்போது ஒரு விசயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன். இந்த ஊரில் எல்லோரும் இப்போது அதில்தான் விழுகிறார்கள். "கட்டுநாயக்கா ஏன்? பலாலியால போனால் கேள்வி குறைவு" என்று அந்த அண்ணை சொல்லக்கூடும். யாழ்ப்பாணத்துப் பலாலி 2019-ல் சர்வதேச விமான நிலையம் ஆனது. இப்போது சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் இருக்கிறது. நல்ல விசயம், இரவு பஸ்ஸில் முதுகு முறியத் தேவையில்லை. ஆனால் பாங்கொக்குக்கு இங்கிருந்து நேரடி விமானம் இல்லை, சென்னையில் மாறவேண்டும். இங்கேதான் பொறி. யாழ்ப்பாணம்–சென்னை ஒரு ரிக்கெற், சென்னை–பாங்கொக் வேறு ரிக்கெற் என்று மலிவாகப் பார்த்துத் தனித்தனியே எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்தால் சென்னையில் நீங்கள் இறங்கி, குடிவரவைக் கடந்து, பெட்டியை எடுத்து, திரும்பப் போய்ப் போடவேண்டும். அதாவது இந்தியாவுக்குள் நுழைகிறீர்கள். இந்திய விசா இல்லாமல் நுழைய முடியாது. விசா இல்லாவிட்டால் பலாலியிலேயே ஏற்ற மாட்டார்கள், ரிக்கெற் காசும் போய்விடும். திரும்பி வரும்போதும் இதே கதை. ஆகவே ஒரு தடவை மட்டும் நுழையலாம் என்கிற விசா உதவாது, போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு நுழைவு வேண்டும். யாழ்ப்பாணம்–சென்னை, சென்னை–பாங்கொக் இரண்டும் ஒரே புக்கிங்கில் இருந்து, பெட்டியும் பாங்கொக் வரைக்கும் போடப்பட்டால் நிலைமை வேறு. அதையும் வாய்ப் பேச்சில் நம்பாமல் விமானக் கம்பனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் பயணம், தனி ஆள். என்னைக் கேட்டால் கட்டுநாயக்காவில் இருந்து நேரடி விமானம். மூன்றரை மணித்தியாலத்தில் இறங்கிவிடலாம். கேள்வி குறைவு என்பதும் பொய், பலாலியிலும் அதே குடிவரவுத் திணைக்களம்தான்.

தாய்லாந்துக்கு இலங்கையருக்கு 2024 ஜூலையில் விசா இல்லாத நுழைவு வந்தது. இப்படியான சலுகைகள் மாறுவதுண்டு, ரிக்கெற் எடுக்க முன்னம் தாய்த் தூதரகத்தின் பக்கத்தைப் பாருங்கள். 2025 மே மாதத்தில் இருந்து டிஜிட்டல் வருகை அட்டை ஒன்றையும் நிரப்பவேண்டும். இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் தாய்லாந்துக் குடிவரவுத் தளத்தில் நிரப்பலாம், அது இலவசம். இதை 'தாய்லாந்து பெர்மிற்' என்று பெயர் வைத்து ஏழாயிரம் எட்டாயிரம் வாங்குகிறார்கள். அதே தோற்றத்தில் காசு கேட்கிற போலித் தளங்களும் இருக்கின்றன. இறங்குகிற இடத்தில் 20,000 பாத் அளவுக்குக் காசு காட்டும்படியும் கேட்கலாம், கையில் இருக்கட்டும்.

அங்கே போனபின் தனி ஆம்பிளைக்கு வருகிற வில்லங்கம் பெரும்பாலும் சிரித்துக்கொண்டுதான் வரும். பாங்கொக் அரண்மனை வாசலில் ஒருவர், "இன்றைக்குப் பூட்டு, வாரும் வேறு இடம் காட்டுறன்" என்று துக்-துக்கில் ஏற்றி இரத்தினக்கல் கடையில் கொண்டுபோய் விடுவார். இரத்தினபுரி இருக்கிற நாட்டில் இருந்து போய் அங்கே கல் வாங்கி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள், நான் பெயர் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் பாஸ்போர்ட்டை அடகாக வைக்காதீர்கள். வேப் என்கிற மின்சிகரெட் கொண்டுபோகாதீர்கள், அங்கே தடை. ஏதும் பிரச்சினை என்றால் சுற்றுலாப் பொலிஸ் 1155. யாராவது நல்ல வேலை இருக்கிறது, மே சொட் பக்கம் வாகனம் அனுப்புகிறேன் என்றால் அந்த இலக்கத்தைத் தடைசெய்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். உண்மையாகவே வெளிநாட்டு வேலை வேண்டுமென்றால் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்குக் கோல் எடுத்து, அந்த முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

குரூப்போடு போவதா என்ற கேள்வி. தெரிந்த ஆட்கள் என்றால் போங்கள். ஏஜென்ற் சேர்க்கிற குரூப்பில் வேண்டாம். பன்னிரண்டு பெடியன்கள் ஒரே ஹோட்டல், ஒரே மாதிரி ஃபைல், யாருக்கும் மற்றவரின் பெயர் தெரியாது. அவர்களில் ஒருவர் வேலைக்குப் போகிறவராக இருந்தாலும் பன்னிரண்டு பேரையும் கதிரையில் இருத்திவிடுவார்கள்.

மறித்துவிட்டால் சண்டை பிடிக்காதீர்கள். காரணம் என்ன என்று கேளுங்கள், மேலதிகாரியைச் சந்திக்கவேண்டும் என்று சொல்லுங்கள், ஃபைலை வரிசையாகக் காட்டுங்கள். அழுது மன்றாடுவதும் வேண்டாம், ஊரில் யாருக்கும் கோல் எடுத்துப் 'பெரியாள்' பெயர் சொல்வதும் வேண்டாம்.

கடைசியாக அந்த இருபத்தையாயிரம். கேட்டுப் பாருங்கள், தர மாட்டார். அது போகட்டும். அட்வான்ஸ் கொடுக்கும்போது பாஸ்போர்ட்டையும் அவரிடம் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் சொல்லவில்லை. கொடுத்திருந்தால் இதை வாசித்து முடித்த கையோடு போய் வாங்குங்கள், ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தராவிட்டால் நேரே பொலிசில் முறைப்பாடு. துலைந்துபோச்சு என்று பொய் சொல்லிப் புதிதுக்குப் போட்டுவிடாதீர்கள். பழையது இரத்தாகிவிடும், பிறகு அவர் மனம் இரங்கித் திருப்பித் தந்தாலும் அதில் நீங்கள் பயணம் போக முடியாது.