பி லைசன்ஸும் பழைய மைவியும்: காப்புறுதியைக் குறைக்க

வணக்கம் தம்பி. மலேசியாவில் பி லைசன்ஸ் (புது ஓட்டுநருக்கான P தற்காலிக லைசன்ஸ்) இப்போதுதான் கிடைத்தது, பழைய பெரோடுவா மைவி காருக்குக் காப்புறுதி விலை கேட்டால் தலைசுற்றுகிறது, வெளிநாட்டுக்காரன் என்பதாலா என்று கேட்டிருந்தீர்கள். முக்கியக் காரணம் உங்கள் என்சிடி (NCD, கிளெய்ம் போடாதவருக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) பூஜ்யம் என்பதுதான். காரை விற்பவர் "என்னிடம் 55 விழுக்காடு இருக்கிறது" என்று சொன்னாலும் அது அவருடையது, காரோடு சேர்ந்து உங்களுக்கு வராது. கிளெய்ம் இல்லாமல் ஓராண்டு ஓட்டினால் பிரீமியத்தில் 25, அப்புறம் 30, 38.33, 45, ஐந்தாம் ஆண்டு முடிவில் 55 விழுக்காடு கழியும். அதனால் சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள், பம்பருக்குச் சாயம் பூசும் செலவைவிட என்சிடி போவதுதான் பெரிய நஷ்டம்.

2017 ஜூலையிலிருந்து முழுக் காப்புறுதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி விலை வைக்கிறது, ஆகவே கார் விற்பவர் நீட்டும் ஒரே விலையோடு நிற்காமல் மூன்று நான்கு இடங்களில், ஒரே காப்புத் தொகைக்குக் கேட்டுப் பாருங்கள். சந்தை விலைக்கு மேல் தொகையை ஏற்றினால் பிரீமியம்தான் கூடும், கார் போனால் கையில் வருவது சந்தை விலைதான்.

வெள்ளக் காப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது அடிப்படைக் காப்புறுதியில் கிடையாது, தனியாகச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் எத்தனை கார்கள் மூழ்கின என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.