சுகிஜிக்குப் போனால் பச்சை மீனில் தொடங்காதீர்கள்

தம்பி, தோக்கியோ வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, சுகிஜி மீன் சந்தையைப் பார்க்க ஆசை, ஆனால் பச்சை மீனை நினைத்தாலே குமட்டுகிறது, மாட்டுக்கறி ஆகாது, மனைவி முட்டை வரைக்கும்தான், நாங்கள் அங்கே போய் என்ன செய்ய என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். பதினாறு வருடமாகத் தோக்கியோவின் கிழக்குப் பக்கம், நிஷி-கசாயில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறேன். காரணம் எளிது: உணவகத்தில் ஒரு தட்டு முழுக்க வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும், இங்கே ஒரே ஒரு துண்டு வாங்கி நாக்கிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மொத்த விலை வியாபாரமும் சூரை (டியூனா) மீன் ஏலமும் 2018 அக்டோபரிலேயே தொயோசு என்கிற புதுச் சந்தைக்குப் போய்விட்டன. சுகிஜியில் மிஞ்சியிருப்பது 'ஜோகாய்' என்கிற வெளிச்சந்தை. நமக்கு வேண்டியதும் அதுதான். தொயோசு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிற இடம், இது வாயில் போட்டுப் பார்க்கிற இடம். நீங்களும் இந்தப் பக்கம்தான் குடியிருக்கிறீர்கள், அதனால் தோசாய் லைனில் கயாபாச்சோ வரை போய் ஹிபியா லைனுக்கு மாறுங்கள், இரண்டாவது ஸ்டேஷன். அதிகாலையில் உணவகக்காரர்கள் சரக்கு எடுப்பார்கள், ஒன்பது மணிக்கு மேல் போவதுதான் மரியாதை. மதியம் இரண்டுக்குள் பல கடைகளில் ஷட்டர் விழுந்துவிடும். ஞாயிறும் புதனும் பாதிச் சந்தை லீவு. வந்த புதிதில் இது தெரியாமல் ஒரு புதன்கிழமை போய், பூட்டிய கடைகளை எண்ணிவிட்டுத் திரும்பியவன் நான்.

சரி, சாப்பாடு. முதலில் குச்சியில் செருகிய முட்டை, 'தமாகோயாகி'. செவ்வகச் சட்டியில் மெல்லிசாக ஊற்றி, சுருட்டி, மறுபடி ஊற்றிச் சுருட்டுவார்கள். அதைப் பார்ப்பதற்கே வரிசையில் நிற்கலாம். தோக்கியோ பக்கம் கொஞ்சம் தித்திப்பாக இருக்கும். ஆனால் உங்கள் மனைவிக்கு, எனக்குத் தங்கச்சி மாதிரி, வாங்கிக் கொடுக்கும் முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். அதில் பெரும்பாலும் 'தாஷி' என்கிற சாறு சேர்ந்திருக்கும். தாஷிக்கு ஆதாரம் 'கட்சுஓபுஷி', அதாவது சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காய வைத்தது. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடைகளில் கிடைக்குமே மாசி, அதன் ஒன்றுவிட்ட அண்ணன். நானும் அந்தக் கடற்கரைக்காரன்தான். சந்தையில் அதைச் சீவி விற்கிற கடை வாசலில் முதல்முறை நின்றபோது, அம்மா மாசி இடிக்கிற அடுப்படி வாசம் அப்படியே அடித்தது. மிசோ சூப்பிலும், மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறித் தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற சாற்றிலும் வழக்கமாக இதுதான். அதனால் தங்கச்சிக்கு நான் சொல்வது பழம், வறுத்த தேயிலையில் போட்ட ஹோஜிச்சா, முழு ஸ்ட்ராபெரியைப் பயறு இனிப்போடு அரிசி மாவில் பொதிந்த 'இச்சிகோ தைஃபுகு'. குறைவுதான், மறைக்கவில்லை.

உங்களுக்கு அடுத்து ஹோதாத்தே, ஓட்டோடு வாட்டிய சிப்பி. சோயா சாஸும் வெண்ணெயும் ஓட்டிலேயே கொதிக்கும், அந்தச் சாற்றை விட்டுவிடாதீர்கள். மாட்டுக்கறிக்குப் பெயர் 'கியூனிக்கு'. சில கடைகளில் அந்தக் குச்சிகளையும் சிப்பியையும் ஒரே வலையில் வாட்டுவார்கள். கடல் சாமான் மட்டும் விற்கிற கடையாகப் பார்த்து நில்லுங்கள். அப்புறம் மீன் விழுதைப் பொரித்த 'சத்சுமா-ஆகே': மசாலா மறந்துபோன மீன் கட்லெட் என்று வைத்துக்கொள்ளுங்கள், சூடாக இருந்தால் பரவாயில்லை.

இவ்வளவும் உள்ளே போன பிறகு பச்சை மீன். சூரையில் 'அகாமி' என்கிற சிவப்புச் சதை இரண்டு துண்டு போதும். எல்லோரும் புகழ்கிற 'ஓதோரோ' வயிற்றுக் கொழுப்பு, முதல் நாளில் அது திகட்டும். நீங்கள் பயப்படுகிற வாடை வராது. பல சூரைகளைக் கடலிலேயே மைனஸ் 60 டிகிரி அளவுக்கு உறைய வைத்துத்தான் கொண்டுவருகிறார்கள். நாம் வாடை என்று சொல்வது வெயிலில் கிடந்த மீனுடையது. பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

கோபம் வருவது வேறு விஷயத்துக்கு. என் முதல் தடவை, குச்சியைக் கடித்துக்கொண்டே நடந்தேன். ஒரு கடைக்காரப் பாட்டி சட்டையைப் பிடிக்காத குறையாகத் திருப்பி அழைத்துவந்து, தன் கடை ஓரத்தில் நிற்க வைத்தார். வாங்கிய இடத்திலேயே நின்று தின்று, குச்சியையும் தட்டையும் அதே கடையில் கொடுத்துவிட வேண்டும். தெருவில் குப்பைத் தொட்டி தேடினால் கிடைக்காது. பேரமும் பேசக்கூடாது. கையில் ரொக்கம் வைத்திருங்கள். ஆளுக்கு மூவாயிரம் யென் என்பது என் கணக்கு. பெரிய நண்டுக்கால், ஊனி என்கிற கடல் முள்ளெலி என்று ஆங்கிலப் பலகை மாட்டிய கடைகளில் இறங்கினால் ஒரே தட்டோடு அது காலி.

திரும்பும்போது அந்த மாசிக் கடையில் ஒரு பொட்டலம் வாங்குங்கள். காகிதம் போலச் சீவியது வேண்டாம், 'அத்சுகெசுரி' என்று கேட்டால் தடிமனாகச் சீவியது தருவார்கள். வாணலியில் லேசாக வறுத்து, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காயோடு இடித்தால் சம்பல். மிளகாயும் தேங்காய்த் துருவலும் இங்கே நிஷி-கசாய் இந்தியக் கடையிலேயே கிடைக்கும்.